சேவலுக்குப் பேர் வைத்தவள்

போன மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. நான் இருபத்தேழு வருடம் நாடகம் எழுதிய அதே வானொலி நிலையத்திலிருந்துதான். இப்போது அங்கே அரை மணி நேர நாடகம் கிடையாதாம். கைப்பேசியில் கேட்கிற மூன்று நிமிடத் துண்டு நாடகங்கள்தானாம். எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மூத்தவர் என்ற முறையில் நீங்கள் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மொத்தம் நாற்பது கேள்விகள். உயரம், நிறம், படிப்பு, பிடித்த சாப்பாடு, சின்ன வயதில் பட்ட காயம் எல்லாம் இருந்தன. ராசி நட்சத்திரம்கூட இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் பார்த்தேன். அடப் பாவிகளா! இந்த ஆள் வீட்டில் என்ன வளர்க்கிறான் என்று ஒரு கேள்வி இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் தேத்தண்ணி இறங்காது. அன்றைக்கு ஊற்றிய தேத்தண்ணி ஆறியே போய்விட்டது. கோபம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்ட டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஹட்டன் டவுனில் தையல் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வானொலி நிலையத்தில் நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்க ஆள் தேவை என்றார்கள், போனேன். மூன்று வருடம் கடிதம் பிரித்தேன். மற்றவர்கள் எழுதுகிற நாடகங்களைக் கேட்டுக் கேட்டு, "இதுக்கு நான் எழுதினா நல்லா இருக்குமே" என்ற திமிர் வந்தது. அந்தத் திமிர்தான் எனக்குச் சோறு போட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

நாடகப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செல்லையா சேர். கொட்டகலை பஜாரில் அவர் அப்பாவுக்குப் பெரிய பலசரக்குக் கடை. மூத்த பிள்ளை என்று கல்லாவில் உட்கார வேண்டியவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வானொலிக்கு வந்துவிட்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் கையில்லாத சாம்பல் ஸ்வெட்டர், கன்னத்துக்குள் எந்நேரமும் ஒதுக்கிய ஒரு கராம்பு. எழுதிக்கொண்டு போனால் உட்கார்ந்து வாசிக்க மாட்டார். ஜன்னலோரமாக நின்று, வெளிச்சத்துக்குத் தாளைப் பிடித்து, உதடு அசையாமல் வாசிப்பார். கையில் சிவப்புப் பேனை இருக்கும், மூடியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. ஒரு எழுத்துத் திருத்த மாட்டார். மேசையில் இரண்டு தட்டு. வலது தட்டில் வைத்தால் ஒலிப்பதிவு. இடது தட்டில் வைத்தால் திரும்ப எழுத வேண்டும். ஏன் என்று சொல்ல மாட்டார்.

என் முதல் நாடகத்தில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வருவார். ஆட்களை உருட்டி மிரட்டி வேலை வாங்குகிற ஆள். சேர் வாசித்து முடித்துத் தாளைக் கீழே இறக்கினார்.

"ஏம்மா மலரு, இந்தாளு வீட்டுல என்ன வளர்க்கிறாரு?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பெரிய நாய் சேர். கடிக்கிற நாய்."

"கெட்டவன்னா கடிக்கிற நாய். அப்ப நல்லவனுக்கு?"

"பசு மாடு சேர்."

"சரிதான், போ" என்று சொல்லி இடது தட்டில் போட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாடகத்தில் நாயே வரவில்லை, பிறகு எதற்கு இந்த ஆளுக்கு நாய்ப் பஞ்சாயத்து என்று படிக்கட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினேன். பிறகுதான் கதை தெரிந்தது. சேர் சின்ன வயதில் அப்பா கடையில் சாமான் கட்டிக்கொடுத்தபோது, ஆட்களை அவர் அடையாளம் வைத்துக்கொண்டது அவர்கள் தங்களுக்கு வாங்கியதை வைத்து அல்லவாம். "தனக்கு வாங்குறப்ப எல்லாரும் ஒரே மாதிரிம்மா. அரிசி, மாவு, சீனி. கோழிக்குக் குருணை வாங்குறப்பதான் ஆளு தெரியும். ஒருத்தி குருணைய கையில அள்ளி, புழு இருக்கான்னு பாத்து வாங்குவா. ஒருத்தன் பூனைக்குன்னு கருவாட்டுத் தல கேப்பான், கேக்கும்போதே வெக்கப்படுவான். அவன் வீட்டுல யாருக்கும் தெரியாம அந்தப் பூனையைப் பாக்குறான்னு எனக்கு வெளங்கிரும்" என்று ஒரு நாள் அவரே சொன்னார்.

இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் டிவிஷன் கணக்கப்பிள்ளை வீட்டு வராந்தாவில் என்ன இருந்தது என்று மண்டையைப் போட்டுக் குடைந்தேன். கடைசியில் என் நாடகக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு தங்கமீனும் கொடுத்தேன். பகலெல்லாம் ஆட்களோடு கத்துகிற மனுஷனுக்கு வீட்டில் எதிர்த்துப் பேசாத உயிர் வேண்டும் அல்லவா. நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு லீவு இல்லை என்று விரட்டிவிட்டு, அதே கையோடு மீனுக்குத் தண்ணீர் மாற்றுகிறார். "குளிருதாடா கண்ணுகளா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அவரைக் கொடியவன் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் வந்த கடிதங்களில் ஊரே அந்த ஆளைக் கரித்துக் கொட்டியிருந்தது. ஒருத்தர் மட்டும், அந்த மீன் செத்துப்போனால் இந்த மனுஷன் அழுவாரா என்று கேட்டு எழுதியிருந்தார். சேர் அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து எனக்குச் சேரின் வளர்ப்பு அட்டை பழகிவிட்டது. சேரின் தம்பி கடையிலிருந்து பிஸ்கட் பெட்டி அட்டைகள் வரும். அவற்றை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி வைத்திருப்பார். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. என்ன வளர்க்கிறார், வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது யார், தீனி வைப்பது தான் சாப்பிடுவதற்கு முந்தியா பிந்தியா, மழையில் அது எங்கே படுக்கும், அதற்குப் பேர் என்ன. அட்டையின் பின்பக்கம் ஒரே கேள்வி: எந்த உயிரை இந்த ஆள் வாசற்படி ஏற விடமாட்டார், ஏன்? முன்பக்கம் ஐந்து நிமிடத்தில் முடியும். பின்பக்கத்துக்கு அரை நாள் போகும். ஒன்றும் வளர்க்காத ஆளாக எழுதித் தப்பிக்கவும் முடியாது. "ஒண்ணும் வளர்க்கலன்னா, எது செத்ததுக்கு அப்புறம் வளர்க்கலன்னு எழுது" என்பார். அந்தப் பிராணி நாடகத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. நடிக்கிறவர் அட்டையை வாசித்துவிட்டு மைக்குக்கு முன்னால் போனால் போதும், குரல் வேறாக இருக்கும். நானே ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் பெரிய சோதனைக்கு வருகிறேன்.

'பத்தாம் நம்பர் லயம்' என்று ஒரு தொடர் நாடகம் எழுதினேன். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் போகும். முடிந்ததும் கால் மணி நேரம் நேயர்கள் போனில் பேசலாம். கதையின் நடுநாயகம் மாரியாயி. கணவன் இல்லாதவள், மகனைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறவள். நடித்தவர் பஞ்சவர்ணம். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வருவார். வானொலியில் யார் முகத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேலி பண்ணினால், "மைக்கு பாக்குமே அக்கா" என்பார்.

நாடகம் எடுபடவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். போன் பேசுகிறவர்கள் மற்ற எல்லாரையும் கேட்பார்கள், மாரியாயியைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவள் அழுதாள், உழைத்தாள், பொறுத்துக்கொண்டாள். நல்லவளாக இருந்தாள், ஆளாக இல்லை. கொழும்பில் இருந்த மேலாளர், இப்படியே போனால் தொடரை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடலாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

மாரியாயிக்கு மட்டும் நான் அட்டை எழுதாமல் விட்டிருந்தேன். நம் ஆள்தானே, நம் அம்மா மாதிரிதானே என்ற எண்ணம். சேர் கேட்டதும் முதலில் பசு மாடு என்று எழுதிக் கொடுத்தேன். "பசு மாரியாயியோடது இல்ல. கேக்குறவங்க உச்சுக்கொட்டணும்னு நீ கட்டிவச்சது" என்று இடது தட்டு. பூனை என்றேன். இடது தட்டு. ஒலிப்பதிவு நடக்கிற சனிக்கிழமை நெருங்கிவிட்டது. அப்போதுதான் தொடரின் இரண்டாம் வாரத்தில் ஒரு வரி எழுதியது ஞாபகம் வந்தது: மகன் காய்ச்சலில் கிடந்தபோது முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்து விட்டாள் என்று. பிடித்துக்கொண்டேன். செஞ்சேவல், தீனி அவள் சாப்பிடுவதற்கு முந்தி, மழையில் கட்டிலுக்கு அடியில் பஞ்சாரத்தில். பேர் என்ன? அட்டையில் அந்தக் கோடு காலியாக இருந்தது. ராசு என்று எழுதினேன். வலது தட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அதை வைத்து ஒரு காட்சியும் எழுதினேன். விடியக்காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரம், மாரியாயி பஞ்சாரத்தைத் தூக்குகிறாள். "எந்திரி ராசு. மழ விட்டிருச்சு. நான் மலைக்குப் போயிட்டு வந்துர்றேன், லயத்த பாத்துக்க ராசு."

பஞ்சவர்ணம் அதைப் பேசியபோது எனக்கே மெய்சிலிர்த்தது. பேசுவதற்கு முன்னால் தாளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். எழுத்துத் தெரியவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்து போன் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அலோ, இந்த நாடகம் எழுதுற பொம்பள இருக்காளா?"

"நான்தாங்க பேசுறேன்."

"நான் றொசல்லயிலருந்து பேசுறேன். ஏம்மா, நீ லயத்துல பொறந்தவதானா? சாமிக்கு விட்ட சேவலுக்கு எவளாச்சும் பேரு வைப்பாளா? நாலு பேரு கேக்குற ரேடியோவுல இப்பிடியா சொல்லுவ? நல்லா இருக்குடி ஒங்க நாடகம்!"

போனை அறைந்து வைத்தார். நெஞ்சில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரியாதா? என் ஊர்க்காரி சொல்லித்தானா தெரிய வேண்டும்? நேர்ந்து விட்ட சேவலை 'சாமி சேவல்' என்றுதான் சொல்லுவோம். கூப்பிட வேண்டுமானால் 'பா பா' என்போம். பேர் வைக்கவே மாட்டோம். ஆட்டுக்கு, மாட்டுக்கு, நாய்க்குப் பேர் வைத்து வைத்துப் பழகிய கை, கோடு காலியாக இருக்கிறதே என்று நிரப்பிவிட்டது. செல்லையா சேர் பஜாரில் வளர்ந்தவர், லயத்து வழக்கம் அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

போன் ஓயவே இல்லை. நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு பூசாரி பேசினார். அவர் ஏசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "மகன் உசுருக்காக வேண்டுன சேவல் தாயி. பேரு சொல்லிக் கூப்பிட்டா அது ஒங்க வீட்டுப் புள்ளையாயிரும். அப்புறம் சாமிக்கு எதக் குடுப்பீங்க? சாமி மகனக் கேட்டா என்ன செய்வீங்க?" என்றார்.

திங்கட்கிழமை காலையில் மேலாளர் பேசினார். இன்னும் இரண்டே வாரம், அதோடு தொடரை முடித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் நானே மைக்கில் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு என்னைத் திரும்பக் கடிதப் பிரிவுக்குப் போகச் சொன்னார். இருபது வருடத்துக்குப் பிறகு கடிதம் பிரிக்க வேண்டும்! நான் சேர் முன்னால் போய் நின்று அழுதுவிட்டேன். வெட்கம் என்ன இதில், அழுதேன்.

"மன்னிப்ப எழுதிட்டேன் சேர். என் பிழைதான்."

அவர் தாளை வாங்கவில்லை. கராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"மாரியாயி ஏன் பேரு வச்சா?"

"அவ எங்க வச்சா? நான்தான் சேர் மறந்துபோய் வச்சேன்."

"நீ அட்டையிலதான் வச்ச. ஊரு கேக்க வச்சது அவ. ஊருக்குத் தெரிஞ்ச வழக்கம் அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வச்சிருக்கா. ஏன் வச்சா? ரெண்டு வாரம் இருக்கு, போய்க் கேட்டுட்டு வா."

யாரிடம் போய்க் கேட்பது? மாரியாயி நான் எழுதியவள்தானே. செவ்வாய்க்கிழமை நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறினேன். பஞ்சவர்ணம் வேலை விட்டு வந்து தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நிப்பாட்டப் போறாங்களா அக்கா?"

"ரெண்டு வாரம்தான்."

ஈரக் காலோடு அப்படியே நின்றார். "சனிக்கிழமன்னா ஒரு கலகலப்பா வருவேன். இங்க தோட்டத்துல எனக்கு வெறும் நம்பருதான் அக்கா. நூத்திப் பதினேழு. அங்க வந்தாத்தான் பஞ்சவர்ணம் வாங்க, பஞ்சவர்ணம் பேசுங்கன்னு கூப்பிடுறீங்க. அதுவும் போச்சா?"

காம்பராவுக்குள் கூட்டிப்போய்ப் பால் இல்லாத சாயத்தண்ணி கொடுத்தார். நான் மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு வாசிக்கும்போது தயங்குனீங்களே?"

"பிழைன்னு தெரியும். பாத்த ஒடனேயே தெரியும்."

"பிறகு ஏன் சொல்லல?"

பஞ்சவர்ணம் கொஞ்சம் சிரித்தார். "பிழைன்னு மாரியாயிக்கும் தெரியும்தானே. மகன் கொழும்புக்குப் போய் மூணு வருசமாச்சு, போனும் இல்ல. புள்ள வளத்த வாயி அக்கா அது. விடிஞ்சா ஒரு பேரச் சொல்லி எழுப்பித்தான் பழக்கம். வீட்டுல வேற யாரு இருக்கா எழுப்புறதுக்கு? அவளுக்கு வாயி தவறிருச்சு. ஒரு நாள் தவறினது, அப்புறம் தெனமும் தவறுது. அப்பிடி நெனச்சுக்கிட்டுத்தான் பேசுனேன்."

நான் சாயத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வாரமாக நான் தேடி அலைந்த மாரியாயி நோட்டன் பிரிட்ஜில் எனக்குச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்! பஸ்ஸில் திரும்பும்போதே பயணச்சீட்டின் பின்னால் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மிச்சம் இருந்த இரண்டு வாரத்தில் முதல் வார நாடகத்தில், பக்கத்துக் காம்பராக்காரி பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறாள். நேயர்கள் என்னை ஏசிய ஏச்சை அப்படியே அவள் வாயில் போட்டேன், ஒரு சொல் குறைக்கவில்லை. மாரியாயி பஞ்சவர்ணம் சொன்ன அதே பதிலைச் சொல்கிறாள். பிறகு அழவில்லை. "சேவலக் குடுத்தா எனக்கு யாரும் இல்ல. குடுக்காட்டி சாமி என் மகன எடுத்துக்கும். நீயே சொல்லு, நான் என்ன செய்ய?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடமே கேட்கிறாள். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அந்த ஞாயிறு போன் பேசியவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் மாரியாயிதான் வேண்டும். குடுத்துரு தாயி என்று சிலர், குடுக்காதே என்று சிலர். கொட்டகலையில் ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தங்கையும் போனைப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டை போட்டார்கள். மகன் பேச்சை எடுத்தாலே அவனைப் பச்சையாகத் திட்டினார்கள். கடைசியில் அந்தப் பூசாரி போனில் வந்தார்.

"தாயி, நான் ஒரு வாரமா யோசிச்சேன். அறுக்கணும்னு கட்டாயம் இல்ல. கோயில்ல உசுரோட விடுறதும் காணிக்கைதான். எங்க அப்பா காலத்துல செஞ்சிருக்காங்க. ஆனா விட்டதுக்கு அப்புறம் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒரு தரங்கூடக் கூடாது. அது அவளால முடியுமான்னு கேட்டுப் பாருங்க."

பாருங்கள், அவரும் என்னிடம் 'கேட்டுப் பாருங்க' என்கிறார். செல்லையா சேர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

கடைசி ஒலிப்பதிவு. எங்கள் ஒலிப்பதிவாளர் சுனில், கினிகத்தேனைக்காரர், சிங்களவர். தமிழ் பாதி புரியும். இரண்டு விநாடிக்கு மேல் மௌனம் இருந்தால் வெட்டிவிட வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. மௌனம் வந்தால் ஆட்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்களாம். சுனில் அதில் கறார், கத்தரி மாதிரி வேலை செய்வார். காட்சி இதுதான்: முனியாண்டி கோயில் மரத்தடி. கடைசியில் மகன் கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டான். மாரியாயி சேவலின் கால்கட்டை அவிழ்த்து இறக்கிவிட்டு நடக்கிறாள். பின்னால் சேவல் கொக்கரிக்கிறது. அவள் திரும்பாமல், "ஒன் பொருளு ஒன்கிட்டயே இருக்கட்டும் சாமி" என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

சுனில் கொக்கரிப்பைப் போட்டார். பஞ்சவர்ணம் அந்த வரியைச் சொல்லவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்து நிற்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிந்தது. பிடித்துக்கொண்டு நின்றார். சேவல் மறுபடியும் கொக்கரித்தது. அவர் அப்பவும் வாயைத் திறக்கவில்லை. மகனாக நடித்தவர் பயந்துபோய், தாளில் இல்லாததை, தானாகவே சொன்னார்: "அம்மா, நான் இருக்கேன்ல. போவோம்மா." அதற்குப் பிறகுதான் அந்த மூச்சு வெளியே வந்தது.

நான் சேரைப் பார்த்தேன். அவர் கராம்பை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வெட்டும் வேலை சுனிலுடையது. அவர் கை பொத்தானுக்குப் போகவே இல்லை. என் பக்கம் திரும்பி, "மிஸ், கபன்ன எபா" என்றார். வெட்ட வேண்டாம் என்று, வெட்டுகிறவரே சொன்னார்.

மன்னிப்புக் கடிதமும் தயாராக மேசையில் இருந்தது. ஞாயிறு நாலரைக்கு நாடகம் முடிந்தது. போன் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. மன்னிப்புத் தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போக எழுந்தேன். அப்போது அடித்தது பாருங்கள்! வைத்தால் அடிக்கிறது, வைத்தால் அடிக்கிறது. முதலில் பேசிய அம்மா, "இம்புட்டு நேரமா அழுதுக்கிட்டு இருந்தோம், அதான் ஒடனே போன் பண்ணல" என்றார். ஆண்கள் பேசினார்கள். கொழும்பில் வேலை செய்கிற பையன்கள் பேசினார்கள், இப்போதே வீட்டுக்குப் போன் எடுக்கப் போகிறோம் என்றார்கள். கால் மணி நேரம் என்பது ஒரு மணி நேரம் ஆகியும் நிறுத்த முடியவில்லை. நடுவில் ஒரு கோபக் குரல்: "என்ன உங்க லைன் கிடைக்கவே மாட்டேங்குது? முக்கால் மணி நேரமா அடிக்கிறேன்!" கொழும்பு மேலாளர்! தொடர் நிற்கக் கூடாது என்றார். மன்னிப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. அந்தத் தாளைச் சேர் வாங்கி நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

'பத்தாம் நம்பர் லயம்' அதன் பிறகு நாலு வருடம் ஓடியது. பஞ்சவர்ணம் இன்றைக்கும் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏறினால், "மாரியாயி அக்கா வாறாங்க, எந்திரிங்கடா" என்று சீட்டுக் கொடுக்கிறார்கள். கண்டக்டர் சிங்களவர், அவரும் அவரை மாரியாயி என்றுதான் கூப்பிடுகிறார். "நம்பரு போயி பேரு வந்துச்சு அக்கா, அதுவும் ஒண்ணுக்கு ரெண்டா" என்று எனக்குப் போன் பண்ணிச் சிரிப்பார்.

படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நாற்பது கேள்விக்கும் கருத்து ஒன்றும் சொல்லவில்லை. அடியில் பேனையால் நாற்பத்தோராவது கேள்வியை எழுதினேன்: வீட்டில் என்ன வளர்க்கிறார், அதற்குப் பேர் என்ன, பேர் வைக்கக் கூடாது என்றால் வைத்தது ஏன்? பிள்ளைகளுக்குப் புரிந்தால் சரி. புரியாவிட்டால் எனக்குப் போன் எடுப்பார்கள், நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இவ்வளவு நாளும் நான் யாருக்கும் சொன்னதில்லை. போனில் பேசியவர் பேர் எனக்கே தெரியாது, அதனால் இனிச் சொன்னால் குற்றமில்லை. மேலாளர் போன் பண்ணிய அந்த ஞாயிறு எல்லாரும் போன பிறகு, விளக்கை அணைக்கப் போன நேரத்தில் போன் ஒரு தரம் அடித்தது. எடுத்தேன். தாழ்ந்த குரல். கேட்டதுமே அடையாளம் தெரிந்தது.

"நான்தாம்மா. றொசல்ல. அன்னைக்கு ஏசுனேன்ல."

"சொல்லுங்கக்கா."

"ஒம் பக்கத்துல யாரும் நிக்கிறாங்களா?"

"யாரும் இல்லக்கா. எல்லாரும் போயிட்டாங்க."

அவருக்குப் பின்னால் ஏதோ கொக்கரிக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுலயும் சாமி சேவல் ஒண்ணு நிக்குது. ரெண்டு வருசமா நிக்குது. வெள்ளையன்னு கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அறைந்து வைத்தவர் இன்று சத்தமே இல்லாமல் போனை வைத்தார்.